கூடாரமே வீடாக

கோயம்புத்தூரிலிருந்து வடமேற்குத் திசையில் மலைப்பாதை ஏறிச் சென்றால், தமிழக எல்லை முடியும் இடத்தில் ஆனைகட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அதற்கப்பால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி மலைநாடு தொடங்குகிறது. யானைகள் நடமாடும் இவ்வூரில் 1990-ஆம் ஆண்டு பறவையியல் ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பட்டது. அம்மையம் சலீம் அலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மும்பையில் பிறந்தவர். அம்மையம் தோன்றுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே மறைந்தவர். எனினும் இம்மலைத்தொடருக்கும் அவருக்கும் இருந்த உறவு மிகப் பழையது.

சலீம் அலி 1896 நவம்பர் 12-ஆம் நாள் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையையும் தாயையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜியும் அவர்தம் மனைவி ஹமீதா பேகமும் வளர்த்தனர். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறியதோடு நில்லாமல், பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளின் பேழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். முன்பின் அறியாத ஒரு சிறுவனுக்காகப் பெரியவர் ஒருவர் அவ்வளவு நேரம் செலவிட்டார் என்பது நினைக்கத்தக்கது.

கல்லூரிப் படிப்பில் அவர் மனம் ஊன்றவில்லை. குடும்பத்தினரின் சுரங்கத் தொழிலையும் மரவணிகத்தையும் கவனிக்கப் பர்மாவின் தவாய்க்குச் சென்றவர், தொழிலைவிடக் காட்டையே மிகுதியாகக் கவனித்தார். 1918-இல் தெஹ்மினாவை மணந்தார். பட்டம் இல்லாத காரணத்தால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் பறவையியலாளர் பணி அவருக்குக் கிட்டவில்லை. 1926-இல் மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். பின்னர் விடுப்பெடுத்துப் பெர்லின் சென்று, எர்வின் ஸ்ட்ரேசமன் என்னும் பேரறிஞரிடம் பறவையியல் பயின்றார். 1930-இல் தாயகம் திரும்பியபோது, பணமின்மையால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையற்ற அந்நாள்களில் மும்பைக்கு அப்பாலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடும்பத்துடன் தங்கினார். அருகிலிருந்த மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மழைக்கால மாதங்கள் முழுவதும் அவற்றையே பார்த்திருந்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி முடைந்ததும், பெட்டைக்குருவி வந்து பார்வையிடுகிறது. பிடித்திருந்தால் ஏற்றுக்கொள்கிறது. அதன்பின் ஆண் அக்கூட்டை முடித்துத் தந்துவிட்டு, வேறொரு பெட்டைக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. நம் ஊர்ப் பனைமரங்களில் தலைமுறை தலைமுறையாக எல்லாரும் கண்ட காட்சிதான் இது. ஆயினும் ஒரு பருவம் முழுவதும் உடனிருந்து பார்த்தவருக்கே அதன் ஒழுங்கு புலப்பட்டது.

இதன்பின் அவர் எடுத்த முடிவு துணிச்சலானது. அக்காலத்தில் நாட்டின் பல பகுதிகள் சமஸ்தானங்களாக இருந்தன. அங்குள்ள பறவைகளை முறையாகக் கணக்கெடுத்தவர் இலர். தமக்கு ஊதியம் வேண்டா என்றும், முகாம் செலவை மட்டும் அரசு ஏற்றால் போதும் என்றும் சலீம் அலி முன்வந்தார். முதலில் ஐதராபாத்து இசைந்தது. 1933-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் வாய்ப்பளித்தன. மறையூரின் வறண்ட மழைமறைவுச் சரிவு, மூணாற்றின் குளிர்ந்த சோலைகள், குமுளி, பெரியாற்றங்கரைத் தட்டேக்காடு, நெல்லியாம்பதி, பறம்பிக்குளத்தின் குரியார்குட்டி என இன்றைய இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த காடுகளிலும் முகாம்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. தட்டேக்காட்டின் பறவைவளம் அவரை வியக்க வைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1983-இல், அது பறவைகள் சரணாலயமாயிற்று.

அந்த வாழ்க்கை எளிதன்று. விடியுமுன் எழுந்து காட்டுக்குள் செல்ல வேண்டும். பெற்ற பறவைகளை வெயில் ஏறுவதற்குள் தோலுரித்துப் பாடம் செய்ய வேண்டும். ஒவ்வொன்றின் காலிலும் இடம், நாள், ஆணா பெண்ணா என்னும் விவரங்கள் எழுதிய சீட்டைக் கட்ட வேண்டும். விளக்கொளியில் நாட்குறிப்பு எழுத வேண்டும். அட்டைக்கடியும் மலைக்காய்ச்சல் அச்சமும் உடன் இருந்தன. பறவைகளைச் சுட்டுத்தான் அவர் ஆராய்ந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஐயமற இனம் பிரித்தறிய அக்கால அறிவியலுக்கு அதுவே வழியாக இருந்தது. தேவைக்கு மேல் ஒன்றையும் கொல்லலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இம்முகாம்களில் தெஹ்மினாவும் உடனிருந்தார். இங்கிலாந்தில் கல்வி கற்றவர். வசதியான வாழ்வுக்குப் பழகியவர். கணவருக்காகக் கூடார வாழ்வை விருப்புடன் ஏற்றார். சலீம் அலியின் ஆங்கில உரைநடை செம்மையுற்றதில் அவர் பங்கு பெரிது. 1939-இல் சிறிய அறுவை சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து குருதியில் நச்சேறி அவர் இறந்தார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கையின் இல்லத்தில் தங்கி, முன்னினும் மிகுதியாகப் பயணம் செய்தார். இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1941-இல் வெளிவந்தது.

தென்னாட்டுக் காடுகளோடு அவர் நின்றுவிடவில்லை. கட்சு நாட்டின் உப்புப் பாலைவனத்துக்குச் சென்று, சேற்றைக் குவித்துக் கூடமைக்கும் பூநாரைகளைக் கண்டார். 1945-இல் இமயத்தைக் கடந்து கயிலைக்கும் மானசரோவர் ஏரிக்கும் சென்றார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டருக்கு மேல், மரமே இல்லாத குளிர்வெளி அது. பக்தர்கள் இறைவனை நாடிச் செல்லும் வழியில் அவர் பறவைகளை நாடிச் சென்றார். குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் திபெத்தியப் பீடபூமியின் ஏரிக்கரைகளில்தான் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் ஓராண்டு வாழ்வை முழுமையாக அறிய விரும்புபவர் இரு முனைகளையும் காண வேண்டுமல்லவா? வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழியறியும் பணியை 1959 முதல் அவர் பெருமளவில் நடத்தியதும் இதனால்தான்.

அட்டப்பாடிக்கு மேற்கே அமைதிப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குக் குந்திப்புழையின் குறுக்கே அணைகட்டும் திட்டம் எழுந்தபோது, முதுமையிலும் அங்குச் சென்று பார்த்து, அதனைக் கைவிடுமாறு வேண்டிய அறிஞர்களுள் சலீம் அலியும் ஒருவர். மின்சாரமும் வேலைவாய்ப்பும் வேண்டியவர்களின் எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று.

டில்லன் ரிப்ளியுடன் இணைந்து அவர் எழுதிய பத்துத் தொகுதிப் பறவைக் கையேடு 1974-இல் நிறைவெய்தியது. 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

2009-இல் கேரளப் பறவை ஆர்வலர் குழு ஒன்று, 1933-இல் அவர் முகாமிட்ட இடங்களுக்கே மீண்டும் சென்று பறவைகளைக் கணக்கெடுத்தது. முக்கால் நூற்றாண்டில் எவை குறைந்தன, எவை புதிதாக வந்தன என்று ஒப்பிட அவர்களுக்குக் கிடைத்த ஆதாரம், கூடார விளக்கொளியில் இடமும் நாளும் தவறாமல் அவர் எழுதிவைத்த பதிவுகளே.

பயிற்சி

1. தூக்கணாங்குருவியின் கூடு கட்டும் முறையை உம் சொற்களில் எழுதுக.
2. சமஸ்தானங்களுக்குச் சலீம் அலி முன்வைத்த ஏற்பாடு யாது?
3. உம் பள்ளி வளாகத்தில் ஒரு வாரம் காணும் பறவைகளை இடம், நாள், நேரம் குறித்துப் பட்டியலிடுக.