சிபில் கார்த்திகேசு: சித்திரவதையிலும் வாய் திறக்காத ஈப்போ தாதியின் தடத்தில் நீங்களும் நடக்கலாம்

ஈப்போவுக்குப் போனா என்ன பார்ப்பீங்க? வெள்ளை காப்பி, சுவர் ஓவியம், குகைக் கோயில். இதே ஊரில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையைத் தெருத்தெருவா நடந்தே தெரிஞ்சுக்கலாம்னு உங்களுக்குத் தெரியுமா? அவர் பெயர் சிபில் கார்த்திகேசு.

2016 செப்டம்பர் 3-ஆம் தேதி, அவருடைய 117-வது பிறந்தநாளில் கூகுள் டூடுல் போட்டபோதுதான் மலேசிய இளைஞர்கள் பலர் இந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

யார் இவர்?

சிபில் 1899-ல் சுமத்ராவின் மேடான் நகரில், ஐரோப்பிய-ஆசியக் கலப்புக் குடும்பத்தில் பிறந்தார். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கன்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார்.

பெயரில் தமிழ் எப்படி வந்ததுன்னு கேட்கிறீங்களா? கணவர் வழியாக. ஆறுமுகம் என்ற இயற்பெயர் கொண்ட டாக்டர் அப்டன் கிளெமென்ட் கார்த்திகேசுவை 1919-ல் கோலாலம்பூரில் மணந்தார். இருவரும் 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலை 141-ஆம் எண் கட்டடத்தில் கிளினிக் நடத்தினார்கள்.

பாப்பானில் என்ன நடந்தது?

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கியது. குடும்பம் பக்கத்திலிருந்த பாப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்குப் போய், பிரதான சாலை 74-ஆம் எண் வீட்டில் குடியேறியது.

அங்கே சிபில் இரண்டு வேலைகளை ரகசியமாகச் செய்தார். காட்டில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட கெரில்லாக்கள் காயத்தோடு வந்தால் சிகிச்சை அளித்தார். இன்னொன்று, ஒளித்துவைத்த சிற்றலை வானொலியில் பிபிசி செய்தி கேட்டு, நம்பிக்கையானவர்களிடம் சொன்னார். அந்த வானொலிக்கு அவர் வைத்த செல்லப்பெயர் ஜோசபின். வானொலி வைத்திருப்பதே அப்போது உயிருக்கு ஆபத்தான குற்றம்.

1943-ல் முதலில் கணவரும், பிறகு சிபிலும் கைதானார்கள். ஜப்பானிய ராணுவக் காவல்படையின் யோஷிமுரா கேட்டதெல்லாம் பெயர்கள்தான். அடித்தார்கள், நகங்களைப் பிடுங்கினார்கள், மூச்சுத் திணறத் தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். சின்ன மகள் டானை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டினார்கள். டான் அப்போது சின்னக் குழந்தை. சிபில் பெயர்களைச் சொல்லவில்லை. குழந்தை உயிர் தப்பியது.

அப்புறம் பத்து காஜா சிறை. 1945-ல் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் விடுதலை. யோஷிமுராவுக்குப் போர்க்குற்ற விசாரணையில் மரண தண்டனை கிடைத்தது. சிகிச்சைக்காக சிபிலை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். வீரத்துக்கான ஜார்ஜ் மெடலும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் சித்திரவதையின் பாதிப்பு அவரை விடவில்லை. 1948 ஜூன் 12-ஆம் தேதி, 48 வயதில் இறந்தார். ஸ்காட்லாந்தில் புதைக்கப்பட்ட உடல், 1949-ல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது.

ஏன் மறந்துபோனோம்?

தேதியைக் கவனிங்க. அவர் இறந்து நான்கே நாளில், அதே பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. சிபில் மருந்து போட்ட கெரில்லாக்கள் கம்யூனிஸ்ட் தலைமையில் இயங்கியவர்கள். நேற்று நேச நாடுகளின் தோழர்கள், இன்று அரசின் எதிரிகள். அப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றிய ஒருவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்ற சங்கடம் நீண்ட காலம் இருந்தது.

அவர் கதை இன்றும் கிடைப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவரே எழுதிய நினைவுக்குறிப்பு 1954-ல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. இன்னொன்று, உள்ளூர் ஆர்வலர்கள் பாப்பான் வீட்டை நினைவில்லமாக மாற்றிப் பாதுகாத்தார்கள்.

எங்கெல்லாம் போகலாம்?

• புரூஸ்டர் சாலை. இப்போது சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை. கிளினிக் இருந்தது இங்கேதான்.
• பாப்பான், 74-ஆம் எண் வீடு. திறந்திருக்குமான்னு முன்கூட்டியே விசாரிச்சிட்டுப் போங்க.
• பத்து காஜா சிறை. வெளியிலிருந்து பார்க்கலாம்.
• ஈப்போ ஃபேர் பார்க் பகுதியில் அவர் பெயரில் உள்ள சாலை.
• ஈப்போ கத்தோலிக்கக் கல்லறை.

தோட்டத்துப் பெண்களுக்குத் தடம் எங்கே?

இதே ஆண்டுகளில் பேராக் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழ்ப் பெண்களை யோசிச்சுப் பாருங்க. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் ஆண்கள். பலர் திரும்பவில்லை. மரவள்ளி நட்டு, பிள்ளைகளைக் காப்பாற்றியது பெண்கள்தான். சிலர் நேதாஜியின் ஜான்சி ராணி படையிலும் சேர்ந்தார்கள். அந்தப் படை ஜப்பான் பக்கம் நின்றது. எதிர்ப் பக்கம் நின்றவர் சிபில். இரண்டுமே நம் பெண்களின் வரலாறு.

ஆனால் இவர்களில் பெரும்பாலானோர் எதையும் எழுதிவைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் நகரங்களுக்குப் போயின. நடந்து பார்க்க இடமே மிச்சமில்லாத ஊர்கள் உண்டு.

அதனால் ஒரு பெண்கள் வரலாற்றுத் தடத்தை உருவாக்க நீங்க நினைச்சா, முதல் வேலை பலகை நடுறது இல்லை, கேட்கிறதுதான். விடியக்காலைப் பெரட்டு எங்கே நடந்தது? ஆயா கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார்? தோட்டத்தில் பிரசவம் பார்த்தவர் யார்? வீட்டுப் பெரியவர்களின் அனுமதியோடு பதிவு பண்ணுங்க. பழைய படங்களை நகல் எடுங்க. தோட்டத்துக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இன்னும் இருந்தா, அங்கிருந்தே வரைபடத்தை ஆரம்பிங்க. கோயில் நிர்வாகம், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், பழைய தோட்டத்து மக்கள் எல்லாரையும் கூட்டுச் சேருங்க.

ஜப்பானியர் காலத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இப்போ எண்பது, தொண்ணூறு வயசு. அதை மனசுல வச்சுக்கிட்டு எப்போ கேட்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க.