மைல் கணக்கைக் கடந்த மோர்ஸ் ஒலி: ஹிராம் பெர்சி மெக்சிம்

மெக்சிம் என்றாலே இயந்திரத் துப்பாக்கிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதை உருவாக்கியவர் தந்தை ஹிராம் ஸ்டீவன்ஸ் மெக்சிம். மகன் ஹிராம் பெர்சி துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் கருவியைச் செய்து பேர் வாங்கினார். ஆனால் ஹேம் ரேடியோ ஆர்வலர்கள் இன்றும் அவரை நினைப்பது வேறொரு காரணத்திற்காக.

1869-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த அவர், 16 வயதிலேயே எம்.ஐ.டி.யில் பொறியியல் படிப்பை முடித்தார். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரில் குடியேறிய பிறகு வானொலி ஆசை பிடித்துக்கொண்டது. 1914 ஏப்ரலில் ஒரு நாள், சுமார் 30 மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நண்பருக்குச் செய்தி அனுப்ப முயன்றார், எட்டவில்லை. நடுவழியில் இருந்த இன்னொருவர் வாங்கி மாற்றி அனுப்பினார். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறினால் நாடு முழுவதும் செய்தி போகுமே என்று தோன்றியது. இளைஞர் கிளாரன்ஸ் டஸ்காவுடன் சேர்ந்து அமெரிக்க ரேடியோ ரிலே லீக்கைத் தொடங்கினார். 1915 டிசம்பரில் 'க்யூ.எஸ்.டி.' இதழ் வெளிவந்தது.

அவ்விதழில் ஆர்வலர்கள் தாங்கள் கேட்ட அழைப்புக் குறிகளைப் பட்டியலிட்டு அனுப்புவார்கள். தன் குறி எங்கோ தெரியாத ஊர்க்காரரின் பட்டியலில் அச்சாகியிருந்தால்தான், அலை அவ்வளவு தூரம் போனது ஒருவருக்குத் தெரியும். கேட்டவர் சொல்லாவிட்டால் அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தொழிலின் விசித்திரமே அதுதான்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், 1917-இல் எல்லா ஹேம் நிலையங்களும் மூடப்பட்டன. போர் முடிந்தும் வானொலி முழுவதையும் கடற்படையிடம் ஒப்படைக்க ஒரு மசோதா வந்தது. நாடாளுமன்றக் குழு முன் மெக்சிம் எதிர்த்து வாதாடினார். மசோதா நிறைவேறவில்லை, 1919-இல் தடையும் நீங்கியது. அன்று அவர் சும்மா இருந்திருந்தால் ஹேம் ரேடியோவே இருந்திருக்காது என்று சொன்னாலும் மிகையில்லை.

ஆர்வலர்களுக்கு அரசு விட்டுவைத்திருந்தது 200 மீட்டர் அலையும் அதற்குக் குறைந்தவையுமே. உதவாது என்று ஒதுக்கிய அலைகள் அவை. அவை அட்லாண்டிக்கைத் தாண்டுமா? 1921 பிப்ரவரியில் நடந்த முதல் சோதனை தோற்றது. அதே ஆண்டு டிசம்பர்ச் சோதனைக்காக லீக், பால் காட்லி என்பவரைக் கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. ஆர்ட்ரோசன் கடற்கரையில், குளிரிலும் மழையிலும் கூடாரத்துக்குள் இரவெல்லாம் காதில் ஹெட்போனுடன் உட்கார்ந்தார் அவர். மார்க்கோனி நிறுவன ஆய்வாளர் ஒருவர் சாட்சியாக உடனிருந்தார். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நிலையங்கள் கேட்டன, கனெக்டிகட்டின் 1பி.சி.ஜி. நிலையத்திலிருந்து முழுச் செய்தியே வந்தது. பிரிட்டன் ஆர்வலர்கள் சிலரும் தங்கள் வீட்டிலிருந்தே அமெரிக்க ஒலியைக் கேட்டிருந்தனர்.

1923 நவம்பரில் இருவழித் தொடர்பும் கைகூடியது. லீக்கைச் சேர்ந்த பிரெட் ஷ்னெல், பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலோயுடன் மோர்ஸில் பேசினார். 1925-இல் பாரிசில் உலக அளவிலான சங்கம் உருவானபோது மெக்சிமே அதன் முதல் தலைவர். நம் நாட்டு ஹேம் சங்கமும் இன்று அதில் உறுப்பினர்.

வானியலிலும் நாட்டம் கொண்டிருந்த அவர், வானாய்வகம் ஒன்றைப் பார்க்க ரயிலில் போகும்போது நோயுற்று, 1936 பிப்ரவரி 17 அன்று கொலராடோவின் லா ஹண்டாவில் காலமானார். அவரது டபிள்யூ1ஏ.டபிள்யூ. என்ற அழைப்புக் குறி, லீக்கின் தலைமையக நிலையத்திலிருந்து இன்றும் ஒலிக்கிறது.