ஈரோட்டில் பிறந்த எண்களின் தோழர்

மஞ்சளுக்கும் பருத்திக்கும் பெயர் பெற்றது நம் கொங்கு நாடு. உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச இராமானுஜன் பிறந்ததும் இம்மண்ணில்தான். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள். இராமானுஜன் வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணத்தில்.

பள்ளியில் பரிசுகள் பெற்றவர் கல்லூரியில் தடுமாறினார். கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றார். பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். ஆயினும் தம் கணக்கு நோட்டுகளை அவர் மூடி வைக்கவில்லை. 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். அதன் பயனாக 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கே 1915இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையை நாமும் ஓரளவு புரிந்துகொள்ளலாம். 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. 24க்கு எட்டு; 60க்குப் பன்னிரண்டு. இவ்வாறு தமக்கு முந்திய எண்கள் அனைத்தையும் காரணிகளில் விஞ்சி நிற்கும் எண்களையே அவர் ஆராய்ந்தார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அத்தகைய எண்களைப் பட்டியலிட்டார்.

பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி! அதற்குக் காரணிகள் 10,080. அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இருமுறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். படிக்கட்டில் இறங்குவது போன்ற இவ்வொழுங்கு இவ்வகை எண்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 4, 36 நீங்கலாக, கடைசிப் பகா எண் ஒருமுறையே வரும் என்றும் அவர் நிறுவினார்.

அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போனது: 2,93,31,86,25,600. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது அதுவே! பின்வந்த அறிஞர்கள் அதைக் கண்டு சேர்த்தனர். எனினும் கட்டுரையின் பெருமை சிறிதும் குன்றவில்லை. போர்க்காலப் பணமுடையால் அச்சேறாத அதன் பிற்பகுதியும் 1997இல் வெளிவந்தது.

எப்.ஏ. தேறாத இராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டம் அளித்தது இக்கட்டுரைக்காகவே. 1918இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. ஆனால் உடல் நலிந்தது. 1919இல் தாயகம் திரும்பி, ஈரோட்டை அடுத்த கொடுமுடியில் காவிரிக் காற்றில் சில காலம் தங்கினார். நோய் தணியவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள், மனைவி ஜானகியைத் தனியே விட்டு, 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

அன்பு மாணவியரே, எல்லாப் பாடங்களையும் கருத்துடன் படியுங்கள். அதற்கும் அவர் வாழ்வு ஒரு பாடமே. ஆனால் ஒரு தேர்வில் தவறிய தோழியைக் கண்டால், ஈரோட்டில் பிறந்த இவரை அவளுக்கு நினைவூட்டுங்கள். வீட்டுக்குச் சென்றதும் 36க்கு எத்தனை காரணிகள் என்று எழுதிப் பாருங்கள்.