பழுதைப் பிரித்துப் படித்த ஜி. டி. நாயுடு

முன்னுரை

திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் நம் பாவூர்சத்திரம். காய்கறிச் சந்தைக்கு வரும் வண்டிகளுக்கு இங்கே குறைவில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் வெளியூர்க் கார்களும் சேர்ந்துகொள்ளும். இத்தனை வண்டிகளைத் தினமும் பார்க்கிற நாம், அவற்றில் ஒன்று கிளம்ப மறுத்து நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்? நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்கிறோம். இல்லையென்றால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்கிறோம். ஏன் நின்றது என்று கேட்பவர் சிலரே. அந்தக் கேள்வியைக் கேட்டே வாழ்வில் உயர்ந்தவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள். அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தாயை மிகச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர்மேல் மணலை வாரி எறிந்தார் என்றுகூடச் சொல்வார்கள். படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. (இதைப் படித்துவிட்டு நம்மில் யாரும் மணலைக் கையில் எடுத்துவிட வேண்டாம்!) பள்ளியை விட்டாரே தவிர, அறியும் ஆவலை அவர் விடவில்லை.

முந்நூறு ரூபாய்ப் பாடம்

அந்நாளில் வருவாய்த் துறை ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ‘ரட்ஜ்’ என்னும் மோட்டார் சைக்கிளில் கிராமங்களைச் சுற்றி வருவார். ஒரு முறை அது வழியில் நின்றுவிட்டதாம். அதிகாரி மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி, இயந்திரப் பகுதிகளைக் கழற்றித் துடைத்து, மீண்டும் பூட்டி ஓட்டிச் சென்றாராம். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைக் கண்ட இளைஞரின் மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

அதை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து அந்தப் பழைய வண்டியை வாங்கினார். வாங்கியவர் உடனே ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார், பார்த்தார், மறுபடியும் பூட்டினார். அதுவே அவருடைய கல்லூரி.

அக்காலத்து மோட்டார் சைக்கிளில் பாட்டரியும் இல்லை, ‘செல்ஃப்’பும் இல்லை. இயந்திரம் சுழலும்போது ‘மாக்னெட்டோ’ என்னும் கருவி காந்தத்தின் உதவியால் மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரம் பிளக்கின் நுனியில் பொறியாகத் தெறித்துப் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும். கார்களுக்குக்கூட அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சாரச் செல்ஃப் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில்தான் பொருத்தப்பட்டது. அதற்கு முன் காருக்கு எதிரே நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கைப்பிடி திருப்பி அடித்தால் கை ஒடிந்துவிடும்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

நாயுடு அவர்கள் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கி நிறையச் சம்பாதித்தார். பிறகு பம்பாயில் வியாபாரம் செய்யப் போய், சேர்த்ததையெல்லாம் இழந்தார். வேறொருவராக இருந்தால் சோர்ந்து உட்கார்ந்திருப்பார். கோயம்புத்தூரின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்குப் பண உதவி செய்தார். 1920இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் பின்னாளில் ‘யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்’ என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. யூ.எம்.எஸ். என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் இல்லை. பஸ் முதலாளிக்கு வண்டியின் ஒவ்வோர் ஆணியும் தெரிந்திருந்ததே அந்த வளர்ச்சியின் இரகசியம்.

கண்டுபிடிப்புகளும் கல்விப் பணியும்

1937இல் கோயம்புத்தூர் பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையிலிருந்து இந்தியாவிலேயே செய்த மின்சார மோட்டார் வெளிவந்தது. உலர் மின்கலத்தில் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி எனப் பலவற்றை அவர் செய்தார். 1952இல் இரண்டு பேர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். அரசாங்கத்தின் உரிமம் கிடைக்காததால் அந்த முயற்சி நின்றுபோயிற்று.

பள்ளிப் படிப்பை முடிக்காத அவரே 1945இல் கோயம்புத்தூரில் தொழிற்கல்வி நிலையம் தோன்றக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் விளங்கினார். நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்காததால் பதவியை விட்டு விலகினார். அந்த நிலையமே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. 1974 ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் அவர் நினைவைப் போற்றும் காட்சிக்கூடம் இருக்கிறது.

அவர் வழியில் ஒரு பழைய கார்

அவருடைய முறையை நம் வீட்டு வாசலிலேயே பழகிப் பார்க்கலாம். பழைய பெட்ரோல் கார் ஒன்று காலையில் கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும்.

விளக்கு மங்கி, டக் டக் என்ற ஓசை மட்டும் கேட்டால் பெரும்பாலும் பாட்டரி இறங்கியிருக்கும். அல்லது பாட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த உப்பு மின்சாரத்தை மறித்துக்கொண்டிருக்கும். முனையைச் சுத்தம் செய்து இறுக்கினாலே சரியாகக்கூடிய வண்டிக்குப் புது பாட்டரி வாங்குவது வீண் செலவு. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் வருமானம்!

விளக்கு நன்றாக எரிந்தும் செல்ஃப் அசையாவிட்டால், சாவி சுவிட்ச், செல்ஃபுக்குப் போகும் ஒயர், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். செல்ஃப் வேகமாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்காவிட்டால் பாட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் பொறி இல்லை. நம் பக்கத்தில் சாரல் காலத்தில் பிளக் ஒயர்களிலும் டிஸ்டிரிபியூட்டர் மூடியிலும் ஈரம் படிந்து பொறி வழிமாறிப் போகும். எஞ்சினை நிறுத்திவிட்டு உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். புதிதாக சார்ஜ் ஏற்றிய பாட்டரி மறுபடியும் இறங்கினால், ஓடும்போது சார்ஜ் ஏற்றும் டைனமோவையோ ஆல்டர்னேட்டரையோ சோதிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்: ஃபியூஸ் போனால் அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டக் கூடாது, ஒயர் தீப்பிடிக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும், ஆகையால் அதன் அருகே தீக்குச்சி கூடாது.

பழுது எங்கே இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். நாயுடு அவர்கள் பிரித்துப் படித்த பாடம் இதுவே.

பெண்களுக்கும் உரியதே

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் வேலை என்று சிலர் நினைக்கலாம். உலகில் முதன்முதலாகக் காரில் நெடுந்தொலைவு பயணம் செய்தவர் ஒரு பெண்மணி. ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா 1888 ஆகஸ்டில் தம் இரு மகன்களுடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிச் சென்றார். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். கையில் இருந்ததைக் கொண்டே இந்தப் பழுதுகளை அவர் நீக்கினார்.

முடிவுரை

பத்தாம் வகுப்பில் நாம் மின்சுற்றுப் படம் வரைகிறோம், மதிப்பெண்ணும் வாங்குகிறோம். அதே மின்சுற்றுதான் காரின் மூடிக்குள்ளும் இருக்கிறது. பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் திரும்பி வந்து சேர வழி இருக்க வேண்டும். எங்கே வழி அறுந்ததோ அங்கே பழுது. நாயுடு அவர்களுக்குப் பள்ளியின் துணை கிடைக்கவில்லை. நமக்குப் பள்ளியும் உண்டு, ஆய்வுக்கூடமும் உண்டு, ஆசிரியைகளும் உண்டு. அவருக்கு இருந்த துணிவையும் சேர்த்துக்கொண்டால், நின்றுபோன வண்டியைக் கண்டு ஒதுங்கி நிற்காமல் மூடியைத் திறந்து பார்க்கும் பெண்களாக நாமும் வளர்வோம்.