ஒளியால் இசையைக் கண்டவர்

நுழையும்முன்

ஒளிக்கற்றையைக் கையால் மறித்து இசையெழுப்பும் மின்னணுக் கருவிகள் இன்று மேடையேறியுள்ளன. மின்னணுவியல் வளராத காலத்திலேயே இசைக்கருவிகளின் அதிர்வை ஒளியின் துணையால் ஆராய்ந்தவர் ஒரு தமிழர். ஒளிச்சிதறல் ஆய்வால் உலகறிந்த சர் சி.வி. இராமனின் இசைசார் ஆய்வு வாழ்வை இப்பகுதி எடுத்துரைக்கிறது.

இளமையும் பணியும்

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். கல்லூரி ஆசிரியரான தந்தையார் வயலின் இசையில் ஈடுபாடு கொண்டவர். துணைவியார் உலோகசுந்தரி வீணை இசைக்க அறிந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற இராமன், 1907இல் கொல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல், அரசுப்பணி தந்த உயர்ந்த ஊதியத்தைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

தந்தியும் ஒளியும்

வயலின் தந்தியின் விரைந்த அதிர்வைக் கண்ணால் பின்தொடர இயலாது. குறுகிய பிளவின் வழியே பாயும் ஒளியின் குறுக்கே தந்தியை அதிரச் செய்தார் இராமன். அதன் நிழல், நகரும் ஒளிப்படத் தகட்டில் அலைகோடாகப் பதிந்தது. செவிக்கு மட்டுமே எட்டிய நாதம் கண்ணுக்கும் புலனாயிற்று. கையால் இழுக்கும்போது வில்லின் அழுத்தமும் வேகமும் மாறுபடும். எனவே, வில்லை அசையாது நிறுத்தி வயலினை முன்னும் பின்னும் நகர்த்தும் இயந்திரமொன்றையும் அமைத்தார்.

கைவினைஞரின் அறிவு

சீரான தோல் போர்த்த முழவில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இயைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரணை என்னும் கரும்பசை, தோலின் நடுப்பகுதியின் எடையைக் கூட்டி, அம்மேற்சுரங்களை அடிப்படைச் சுருதியோடு இயையச் செய்கிறது என்பதை 1920இல் இராமன் வெளிப்படுத்தினார். பெயரறியாக் கைவினைஞர்கள் செவியொன்றையே அளவுகோலாகக் கொண்டு கண்டறிந்த நுட்பம், அறிவியலின் சான்றைப் பெற்றது. வீணை, தம்புரா ஆகியவற்றின் வளைந்த குதிரை எழுப்பும் செழுமையான நாதத்தையும் அவர் ஆராய்ந்தார்.

ஒலி வளைத்த ஒளி

1928 பிப்ரவரி 28இல் அறிவித்த இராமன் விளைவு, 1930இல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது. ஆயினும் ஒலியை அவர் மறக்கவில்லை. பெங்களூருவில் நாகேந்திர நாத்துடன் இணைந்து, மீயொலி அலைகள் பரவும் நீர்மம் ஒளியைப் பல கற்றைகளாகப் பிரிக்கும் விதத்தை 1935, 1936ஆம் ஆண்டுகளில் விளக்கினார். லேசர் ஒளியைக் கட்டுப்படுத்தும் ஒலி-ஒளியியல் கருவிகளுக்கு அக்கோட்பாடு அடிப்படையாயிற்று.

1970 நவம்பர் 21இல் இராமன் மறைந்தார். நம் வீட்டு வீணையிலும் கோயில் மண்டபத்து மிருதங்கத்திலும் ஆராயத்தக்க அறிவியல் உறைகிறது என்பதே அவ்வாழ்வு மாணவர்க்கு விட்டுச்சென்ற செல்வம்.