தான் வகுத்த சட்டத்துக்குத் தலைவணங்கிய மன்னர்

சட்டத்தை ஆக்குகிறவன் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டுமா? பேரரசன் சட்டத்துக்கு மேற்பட்டவன் என்றே பழைய உரோமைச் சட்ட நிபுணர்கள் எழுதிவைத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் கற்பித்த புனித தோமஸ் அக்குவினாஸ் இதனை ஆராய்ந்தார். அரசனைத் தண்டிக்க அவனுக்கு மேல் இவ்வுலகில் நீதிபதி இல்லை. ஆயினும் பிறருக்கு விதித்ததைத் தானும் மனமுவந்து அனுசரிக்க அவன் கடமைப்பட்டவன் என்பது அவர் முடிவு. அதே காலத்தில் அந்நாட்டை ஆண்டவர் பிரான்சு மன்னர் ஒன்பதாம் லூயி. அந்தக் கடமையை அவர் எவ்வளவு தூரம் நிறைவேற்றினார்?

1214 ஏப்ரல் 25இல் புவாசி என்னுமிடத்தில் பிறந்த லூயி, தந்தை இறந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுவன். 1226இல் அவருக்கு முடிசூட்டப்பட்டது. தாயார் பிளான்ஷ் அரசி மகனுக்காக நாட்டைப் பரிபாலித்து, அவரைப் பக்தியிலும் ஒழுக்கத்திலும் வளர்த்தார்.

1247இல், சிலுவைப்போருக்குப் புறப்படுமுன், மன்னர் ஓர் அரிய காரியத்தைச் செய்தார். பிரான்சிஸ்கன், டொமினிக்கன் துறவியரை ஊரூராக அனுப்பி, அரச உத்தியோகத்தர் இழைத்த அநீதிகளைக் குடிமக்களிடம் கேட்டெழுதச் செய்தார். தம் முன்னோர் காலத்தில் அநியாயமாகப் பறிக்கப்பட்டவற்றுக்கும் ஈடு செய்ய முன்வந்தார்.

எகிப்தில் தோல்வியுற்று, 1250இல் சிறைப்பட்டு, மீட்புப்பணம் கொடுத்து விடுதலையாகி, 1254இல் நாடு திரும்பினார். அவ்வாண்டிலேயே புகழ்பெற்ற கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி நீதி செலுத்துவதாக ஒவ்வோர் அதிகாரியும் மக்கள் முன் சத்தியம் செய்ய வேண்டும். அவரோ அவர் மனைவி மக்களோ வெகுமதி வாங்கலாகாது. தம் அதிகாரத்துக்குட்பட்ட பகுதியில் அனுமதியின்றி நிலம் வாங்கலாகாது. பதவி முடிந்த பின்னும், முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்வதற்காகக் குறித்த காலம் அங்கேயே தங்கியிருக்க வேண்டும்.

அதிகாரிகளுக்குச் சட்டம் போடுவது எளிது. தம் சொந்த வீட்டார் முன் அது நிற்குமா என்பதே சோதனை. மன்னரின் தம்பி, ஆஞ்சு நாட்டுப் பிரபு சார்ள்ஸ், தம் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மன்னரிடம் மேன்முறையீடு செய்த ஒரு வீரனைச் சிறையிலிட்டார். மன்னர் அவனை விடுவிக்கச் செய்தார். சார்ள்சுக்கு அஞ்சி எந்த வழக்கறிஞரும் முன்வராததால், தாமே அவனுக்கு ஆலோசகரை நியமித்தார். வழக்கில் வென்றவன் அந்த வீரனே.

1259இல், தன் காட்டில் வேட்டையாடப் புகுந்த மூன்று இளைஞரை விசாரணையின்றித் தூக்கிலிட்டான் கூசிப் பிரபு ஆங்கெரான். பெருங்குடிப் பிரபுக்கள் எல்லாரும் அவன் பக்கம் நின்றனர். அவனோ போரிட்டுத் தன் வழக்கைத் தீர்க்கக் கேட்டான். மன்னர் இணங்கவில்லை. உயிர் தப்பினாலும், பெருந்தொகையான தண்டப்பணமும், இறந்தோருக்காகச் சிற்றாலயம் எழுப்பும் கடமையும் அவன்மேல் விழுந்தன.

மன்னரையே கட்டுப்படுத்திய ஒரு சம்பவமும் உண்டு. முன்பு தாம் கொடுத்த வாக்குறுதிப் பத்திரம் ஒன்றை ஒருவர் கொண்டுவந்து, டம்மார்த்தென் என்னும் பிரதேசத்தைக் கேட்டார். முத்திரை உடைந்து, அதில் மன்னர் உருவத்தின் கால்ப்பகுதி மாத்திரமே எஞ்சியிருந்தது. நிறைவேற்றத் தேவையில்லை என்று ஆலோசகர் அனைவரும் கூறினர். மன்னரோ பழைய முத்திரையொன்றை வருவித்து ஒப்பிட்டு, அது தம்முடையதே என்று கண்டு, பிரதேசத்தைக் கொடுத்துவிட்டார்.

ஆயினும் இவர் வாழ்க்கையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1242இல் யூதரின் தல்மூத் நூல்கள் பாரிசில் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டன. 1215ஆம் ஆண்டு லாத்தரன் சங்கத் தீர்மானத்தையொட்டி, யூதர் அடையாளச் சின்னம் அணிய வேண்டுமென்று 1269இல் மன்னர் கட்டளையிட்டார். யூதருக்கு எதிரான பகைமையைத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வெளிப்படையாகக் கண்டித்தது.

இவ்விரண்டு வகைச் சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தம்மையும் தம்மவரையும் தொடக்கூடிய சட்டங்களை வகுத்தபோது லூயி நீதிமானாக விளங்கினார். அந்தச் சின்னத்தையோ அவரும் அவர் பிள்ளைகளும் ஒருநாளும் அணிய நேராது. அதன் பாரம் அவருக்குத் தெரியவில்லை. சட்டம் ஆக்குகிறவர் அதற்கு உட்பட வேண்டும் என்பதன் காரணம் இதுவே. தன் தோளில் விழாத நுகத்தின் எடையை எவரும் சரியாக மதிப்பிடுவதில்லை.

லூயி 1270 ஆகஸ்ட் 25இல் தூனிஸ் நகரருகே நோயுற்று இறந்தார். 1297இல் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 25இல் அவரை நினைவுகூருகிறோம்.

பாராளுமன்றத்தில் இருப்போருக்கு மட்டும் உரிய பாடமல்ல இது. பொய் சொல்லாதே என்று பிள்ளையைக் கண்டிக்கும் தகப்பன், கடன்காரர் வாசலில் நிற்கும்போது தான் வீட்டில் இல்லையென்று அதே பிள்ளையைச் சொல்லச் சொன்னால், அந்த வீட்டில் சட்டம் அன்றே செத்துவிடுகிறது.