காந்தி குல்லாவை காந்தி எத்தனை வருஷம் போட்டார் தெரியுமா?

காலையில் ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் திருப்பூர் - பல்லடம் சாலையில், வீரபாண்டி பிரிவில் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்க. பைக்கில் போகிற பையன் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருப்பான். டீக்கடை பெஞ்சில் இருக்கும் பெரியவர் துண்டை உருமாலையாகச் சுற்றியிருப்பார். பனிக்காலம் என்றால் நாலு பேராவது குரங்குக் குல்லாவோடு வருவாங்க. பனியன் கம்பெனிக்குள் போனால் செக்கிங், பேக்கிங் பகுதியில் தலைமுடி துணியில் விழாமல் இருக்க ஒரு வலைத் தொப்பி. ஒரே ஊர், எத்தனை தலை, எத்தனை தினுசு!

இதில் இன்றைக்கு அதிகம் பார்க்க முடியாதது காந்தி குல்லா. சுதந்திர தினம், மாறுவேடப் போட்டி என்று வந்தால்தான் பீரோவிலிருந்து எடுக்கிறோம். ஆனால் மாறுவேடத்துக்குக் காந்தியாகப் போகிற குழந்தைக்கு யாரும் அந்தக் குல்லாவைப் போட்டுவிடுவதில்லை. மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, கைத்தடி. கவனிச்சிருக்கீங்களா? அவர் பெயரில் இருக்கும் குல்லா அவர் தலையில் இல்லை. ஏன்? அவருடைய தலையின் கதையைத் தெரிஞ்சுக்கிட்டால் புரியும்.

19 ஷில்லிங் தொப்பி

1888. பாரிஸ்டர் படிக்க லண்டன் போய் இறங்குகிறார் மோகன்தாஸ். வயது கிட்டத்தட்ட 19. அந்த ஊர் கனவான் மாதிரி ஆகிவிட வேண்டும் என்று ஆசை. பம்பாயில் தைத்த உடுப்பு சரிப்படாது என்று புதுசு வாங்குகிறார். கூடவே புகைபோக்கி மாதிரி உயரமான ஒரு தொப்பி. விலை 19 ஷில்லிங்! அந்தக் காலத்துக்கு ரொம்பவே அதிகம் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

தினமும் பெரிய கண்ணாடி முன் நின்று டை கட்டவும் தலை வாரவும் பத்து நிமிஷம் ஆகுமாம். தொப்பியை மாட்டும்போதும் கழற்றும்போதும் கை தானாகவே முடியைச் சரிசெய்யப் போகும். இன்றைக்கு ஹெல்மெட்டைக் கழற்றியதும் பைக் கண்ணாடியில் முடியைச் சரிசெய்கிற நம்ம பசங்களைப் போலத்தான். மகாத்மாவும் ஒரு காலத்தில் அப்படி ஒரு பையன்தான்.

கழற்றச் சொன்ன நீதிபதி

1893 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்குகிறார். ஃபிராக் கோட்டு, தலையில் நம்ம ஊர் தலைப்பாகை. வந்த இரண்டு மூன்று நாளில் அவரை வேலைக்கு அழைத்த வியாபாரி தாதா அப்துல்லா, கோர்ட்டைக் காட்டக் கூட்டிப் போகிறார். மாஜிஸ்திரேட் இவரையே முறைத்துப் பார்க்கிறார். கடைசியில், தலைப்பாகையைக் கழற்றச் சொல்கிறார். காந்தி மறுத்துவிட்டு வெளியே நடந்துவிட்டார். பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். வேண்டாத விருந்தாளி என்று பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின.

தொல்லை வேண்டாம், இங்கிலீஷ் தொப்பிக்கே மாறிவிடலாமா என்றும் யோசித்தார். அப்துல்லா தடுத்தார். அங்கே ஐரோப்பிய உடை போட்ட இந்தியர்களில் பெரும்பாலோர் ஓட்டல் பரிமாறுபவர்கள். தொப்பி போட்டால் உன்னையும் அப்படித்தான் நினைப்பார்கள், தலைப்பாகைதான் உனக்குப் பொருத்தம் என்பது அவர் கட்சி.

ஆனால் மறு வருஷம் நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்தபோது, தலைமை நீதிபதி அதே விஷயத்தைச் சொல்ல, காந்தி கழற்றிவிட்டார். அப்துல்லாவுக்கும் நண்பர்களுக்கும் ஏமாற்றம். கோர்ட்டில் வக்கீலாக நிற்பவன் கோர்ட் விதிக்குக் கட்டுப்படணும், பலத்தைப் பெரிய சண்டைகளுக்கு மிச்சம் வைக்கணும் என்பது அவர் கணக்கு. அது சரியா, தப்பா? நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பாருங்க.

வாசலில் நின்ற தமிழர்

வக்கீல் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். ஒரு ஆள் அழுதுகொண்டே வந்து நிற்கிறார். கிழிந்த துணி, முன்பல் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறிப் போன நம்ம தமிழர். முதலாளி அடித்த அடி அது. காந்தியின் குமாஸ்தாவும் தமிழர் என்பதால் நடந்ததைக் கேட்டுச் சொல்கிறார்.

காந்தியின் கண்ணில் பட்டது ரத்தம் மட்டுமில்லை. பாலசுந்தரம் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போகும் கூலித் தொழிலாளி தொப்பியோ, தலைப்பாகையோ, துண்டோ எதுவானாலும் கழற்றியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதே மரியாதையைக் காந்திக்கும் காட்ட வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார்.

காந்திக்குக் கூசிப்போனது. முதலில் துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கித்தான் கட்டினார். கட்டியதும் அந்த முகத்தில் வந்த சந்தோஷம் காந்தியின் மனதில் தங்கிவிட்டது. அப்புறம்தான் டாக்டர் சர்டிபிகேட், மாஜிஸ்திரேட், வழக்கு எல்லாம். கடைசியில் பாலசுந்தரத்தை வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார். இந்தச் செய்தி கூலிகள் மத்தியில் பரவி, சென்னை வரைக்கும் வந்து சேர்ந்தது.

இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று நினைக்காதீங்க. பண்ணையார் எதிரே வந்தால் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்ட தாத்தாக்கள் நம்ம ஊர்களிலும் இருந்தார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உருமாலை கட்டுவது ஒரு சீர் என்று கொண்டாடும் இதே கொங்கு மண்ணில்தான், எல்லாத் தலைக்கும் அந்த உரிமை இல்லாமல் இருந்தது.

வந்தது வெள்ளைக் குல்லா

1915 ஜனவரி 9-ம் தேதி பம்பாயில் வந்து இறங்கியபோது காந்தி கத்தியவார் பாணி உடையில், பெரிய தலைப்பாகையோடு இருந்தார். ஒரு தலைப்பாகைக்கு எத்தனை முழம் துணி! அதில் பல பேருக்குக் குல்லா தைத்துவிடலாமே என்று தோன்றியது. காஷ்மீர்க் குல்லா வடிவம் அவருக்குப் பிடித்தது. மடித்துச் சட்டைப் பையில் வைக்கலாம், சுலபமாகத் துவைக்கலாம். நிறம் வெள்ளை; கறுப்பில் அழுக்கு ஒளிந்துகொள்ளும், வெள்ளையில் தெரியும், தெரிந்தால்தானே துவைப்போம்! துணி கதர்.

இப்படி 1919-20 வாக்கில் பிறந்த குல்லா ஒத்துழையாமை இயக்கத்தில் காட்டுத்தீ மாதிரி பரவியது. வக்கீலும் விவசாயியும் ஒரே குல்லா போட்டார்கள். சர்க்காருக்குக் கண்ணைக் குத்தியது. 1930-ல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் இந்தக் குல்லா போடுவதற்கே தடை வந்தது. ஒரு முழம் துணிக்குத் தடை!

மதுரை ரயிலில்

1921 செப்டம்பர். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில். பெட்டியில் நிறைய பேர் அன்னியத் துணி உடுத்தியிருக்கிறார்கள். கதர் கட்டுங்க என்று காந்தி எடுத்துச் சொல்கிறார். சிலர் தலையை ஆட்டிவிட்டு, கதர் விலைக்கு நாங்க எங்கே போவது என்கிறார்கள். காந்தி தன்னையே பார்த்துக்கொண்டார். தலையில் குல்லா, மேலே சட்டை, இடுப்பில் முழு வேட்டி. வாங்க வழியில்லாதவரிடம், இத்தனையும் போட்டுக்கொண்டு உபதேசம் பண்ணுகிறோமே!

செப்டம்பர் 22 காலை, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து வெளியே வந்தவர் இடுப்பில் முழத்துண்டு மட்டும் கட்டியிருந்தார். தலையில் குல்லா இல்லை. அந்தக் கோலத்தில் அவர் முதலில் கூட்டத்தைச் சந்தித்த இடம்தான் இன்றும் காந்தி பொட்டல். அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் முதலில் அறிவித்தார். அது ஆயுசுக்கும் நிலைத்துவிட்டது. 1931-ல் லண்டனில் மன்னரைப் பார்க்கப் போனபோதும் அதே முழத்துண்டுதான், மேலே ஒரு சால்வை. 19 ஷில்லிங் தொப்பியோடு உலாவிய அதே ஊர்!

ஆக, காந்தி குல்லாவைக் காந்தி போட்டது கிட்டத்தட்ட இரண்டே வருஷம். அப்புறம் தொப்பியே தொடவில்லையா என்றால், தொட்டார். 1946-ல் கலவரம் எரித்த நோவாகாளி கிராமங்களில் நடந்தே போனபோது, அந்த ஊர்க் குடியானவர்கள் வெயிலுக்குப் போடும் அகலத் தொப்பியோடு அவர் நிற்கும் போட்டோ இருக்கிறது. 1948 ஜனவரி 30-ல் அவர் சாய்ந்தபோது தலையில் ஒன்றும் இல்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு தலையும் ஞாபகம் வரும். சென்னிமலையில் பிறந்த நெசவாளி குமரன், 1932 ஜனவரி 10-ல் கொடியோடு ஊர்வலம் போனபோது தடியடி விழுந்தது தலையில். மறுநாள் உயிர் போனது. வயது 27.

நம்ம தமிழில் குல்லா போடுவது என்றால் ஏமாற்றுவது என்றும் ஒரு அர்த்தம் உண்டு. காந்திக்கு அந்த அர்த்தம் பொருந்தவே இல்லை. இன்னொருத்தர் அவமானப்பட்டுக் கழற்றியதைத் திரும்பக் கட்டச் சொன்னார். மற்றவருக்கு இல்லை என்று தெரிந்ததும் தன்னுடையதைக் கழற்றிவிட்டார். அடுத்த முறை கண்ணாடி முன் நின்று தொப்பியைச் சாய்த்து, திருப்பி அழகு பார்க்கும்போது, தயங்கித் தயங்கித் துண்டைக் கட்டிய அந்தப் பாலசுந்தரத்தையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.